நீடாயுள் மன்றத்தில் யாரும் இறப்பதில்லை

நீடாயுள் மன்றத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. ‘மன்றம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை எங்கள் உறுப்பினர் எவரும் இறந்ததில்லை’ என்று அதில் எழுதியிருக்கும். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பொய் இல்லை, சுத்தமான உண்மை. பயப்பட வேண்டிய சமாசாரமே அதுதான்.

நம் கதைக்குரியவர் ஒரு தையல்காரர். மன்றம் இருக்கும் அதே தெருவில், சில கடைகள் தள்ளி, அவருடைய கடை. முன்னறையில் தையல் மிஷினும் துணி வெட்டும் மேசையும் இருக்கும். பின்னறையில் குடித்தனம். புதுத் துணி கொண்டுவருகிறவர்களைவிடப் பழைய துணியைப் பிரித்துச் சின்னதாக்கவோ பெரிதாக்கவோ கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். மன்றம் வந்து ஆட்கள் உடற்பயிற்சி செய்யத் தொடங்கிய பிறகு இடுப்பைச் சின்னதாக்குகிற வேலை நிறைய வந்தது. அதனால் ஆரம்பத்தில் அவருக்கு மன்றத்தின் மேல் நல்ல அபிப்பிராயம்தான்.

பிறகு ஓர் ஆணை வந்தது. மன்றத்தில் குடும்பத்தோடு சேராதவர்களுக்குக் கடை உரிமம் கிடையாது. சீக்கிரம் போய்ச்சேரப் போகிறவனுக்கு எதற்கு உரிமம், வீண் வேலைதானே என்று ஆணை போட்டவர்கள் யோசித்திருக்கிறார்கள். யோசிக்கத் தெரிந்தவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

தையல்காரரும் மனைவியும் போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். சட்டையின் நெஞ்சுப் பக்கம், முன்னறைக் குமாஸ்தா ஒரு துணி பேட்ஜை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையலைப் பார்த்ததும் நம்மவருக்குக் கை பரபரத்தது. வெறும் ஓட்டுத் தையல். நாலு மூலையில் நூல் தொட்டும் தொடாமலும் ஓடியிருந்தது. முடிவில் முடிச்சே இல்லை.

பக்கத்தில் பயிற்சியாளர் நின்றிருந்தார். எப்போதும் வாயில் விசிலோடு இருப்பதால் அவரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் சொல்வார்கள்.

“சார், இது சுண்டி இழுத்தா கையோட வந்துடுமே?” என்றார் தையல்காரர்.

“அப்படித்தான் இருக்கணும்.”

“நான் தையல்காரன் சார். வீட்டுல வச்சு நல்லா தச்சுக்கிறேன்.”

“தொடாதீங்க. அது விதி,” என்றார் விசில்காரர். வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சொன்னதால் அது முக்கியமான விதி என்று தெரிந்தது.

தினமும் சாயந்திரம் மன்றத்தில் கூட வேண்டும். பெரிய கூடம், ஜன்னல் எல்லாம் உயரத்தில். கண்ணில் வெளித்தெரு பட்டால் கவனம் சிதறுமாம். முதலில் உறுதிமொழி. ‘என் நேரத்தை மன்றத்துக்குத் தருகிறேன். மன்றம் அதை என் கடைசிக் காலத்தில் திருப்பித் தரும்.’ இதைக் குதித்துக்கொண்டே சொல்ல வேண்டும். நின்றுகொண்டு சொன்னால் செல்லாது. அதற்குப் பிறகு, நிறுத்தச் சொல்லி விசில் ஊதும்வரை குதியும் ஓட்டமும்தான்.

முதல் நாள் வீடு திரும்புகையில் மனைவி கேட்டாள்.

“ஏங்க, கடைசியில திருப்பித் தருவோம்கிறாங்களே, கடைசி எப்போன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா சொல்லுவாங்க?”

“எனக்குக் கடைசியில வேணாங்க. இப்போ சாயந்திரம் வேணும்.”

சாயந்திரம் என்று அவள் சொன்னது ஒரு நடையை. அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. ‘தினமும் மெதுவா நடங்கம்மா. மூச்சு வாங்கினா நில்லுங்க. அது போதும், உங்களுக்கு அதுதான் மருந்து’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன்படி கடையைச் சாத்திவிட்டு இருவரும் ஆற்றுப் பாலம்வரை நடப்பார்கள். வழியில் அவள் ஒவ்வொரு கடை முன்னாலும் நிற்பாள். பாத்திரக் கடையில் அவள் விலை கேட்காத பாத்திரம் கிடையாது. செருப்புக் கடையில் ஆண்கள் செருப்பைக்கூட உற்றுப் பார்ப்பாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவர், “உனக்குக் கடையைக் கண்டா காலு நகராதே,” என்று தினமும் அலுத்துக்கொள்வார். அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். அந்த நேரத்தைத்தான் மன்றம் எடுத்துக்கொண்டது.

மனைவிக்கு மட்டும் விலக்குக் கேட்போம் என்று இருவரும் மன்றத் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். தலைவர் கனத்த மனிதர். நாற்காலியிலிருந்து எழுப்ப ஒருவர், உட்கார வைக்க ஒருவர் என்று இரண்டு பேர் கூடவே நிற்பார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். கோட்டின் மேல் தங்க ஜரிகை பேட்ஜ். அவர்தான் மன்றத்தின் முதல் உறுப்பினர்.

“டாக்டர் சொன்னாரா?” என்றார் தலைவர். “டாக்டருங்க தினமும் யாரைப் பாக்குறாங்க? நோயாளிங்களை. நாங்க யாரைப் பாக்குறோம்? ஆரோக்கியமா இருக்கிறவங்களை. அப்போ ஆரோக்கியத்தைப் பத்தி யாருக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்க.”

“இவ தினமும் நடக்குறவதாங்க ஐயா.”

“விசாரிச்சோம். நின்னு நின்னு நடக்கிறாங்களாம். அதெல்லாம் நடையில சேராது, நிக்கிறதுலதான் சேரும். நிக்கிறதுக்கு ஆயுள் கூடினா மரமெல்லாம்...” என்று ஆரம்பித்தவர், மரங்கள் எவ்வளவு காலம் இருக்கும் என்பது ஞாபகம் வந்ததாலோ என்னவோ, சட்டென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

மனைவி சும்மா இருக்கிறவள் இல்லை. “ஐயா, நீங்க குதிக்கிறதை நான் பாத்ததே இல்லையே?” என்று கேட்டுவிட்டாள்.

தலைவர் கோபப்படவில்லை. “நான் உங்க எல்லாருக்காகவும் கவலைப்படுறேன்மா. மனசு கிடந்து ஓடுது. அந்த ஓட்டத்துக்கு முன்னாடி உங்க குதியெல்லாம் எந்த மூலைக்கு?”

“குதிச்சு இவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?” என்றார் தையல்காரர்.

“மன்றத்துல யாருக்கும் எதுவும் ஆகிறதில்ல. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கோம். நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவர்தானே?”

பேட்டி முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து தலைவரை எழுப்பினார்கள்.

அதன்பின் சில நாட்களில் தபால்காரர் விழுந்தார். ஓய்வுபெற்ற மனிதர். ஊர் முழுவதும் காலால் நடந்தே கடிதம் கொடுத்தவர். அவருக்கு ஆயுள் நீள இன்னும் கொஞ்சம் நடை தேவைப்படும் என்று மன்றம் கண்டுபிடித்து, ஓடுகிற இயந்திரத்தில் ஏற்றிவிட்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். விசில்காரர் பாய்ந்து வந்தார். பரவாயில்லையே, இவ்வளவு அக்கறையா என்று தையல்காரர் நினைத்தார். விசில்காரர் தபால்காரரின் தலையைத் தூக்கவில்லை, நாடியைப் பார்க்கவில்லை. நெஞ்சிலிருந்த பேட்ஜை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டி இழுத்தார். ஓட்டுத் தையல் சரசரவென்று கழன்றது. பேட்ஜைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையைத் தட்டினார். இரண்டு பேர் வந்து தபால்காரரைப் பின்கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிறுத்தச் சொல்லி விசில் ஊதாததால் மற்ற எல்லோரும் குதித்துக்கொண்டே இருந்தார்கள். தையல்காரரும் குதித்தார்.

மறுநாள் அவர் விசில்காரரிடம் கேட்டார்.

“தபால்காரர் எப்படி இருக்காரு சார்?”

“எந்தத் தபால்காரர்?”

“நேத்து விழுந்தாரே.”

“உறுப்பினர் யாரும் விழல. வெளியாள் ஒருத்தர் உள்ள வந்து விழுந்தாரு. வெளியாளுக்கு மன்றம் பொறுப்பு இல்ல.”

“நம்ம கூடத்தானே குதிச்சாரு?”

“பேட்ஜ் இருந்துச்சா? இல்லையே. பேட்ஜ் இல்லாதவர் உறுப்பினர் இல்ல. உதிர்ந்த பேட்ஜ் மறுபடி ஏறாது. இது தெரியாம இத்தனை நாளா குதிக்கிறீங்களா?”

பலகையில் எழுதியிருந்தது எப்படி உண்மையாக இருக்கிறது என்று அப்போதுதான் தையல்காரருக்குப் புரிந்தது. ஆனால் மனைவியைப் பற்றிய கவலை உள்ளவர் அல்லவா, பயத்தோடு பயமாக இன்னொன்றும் தோன்றியது.

“சார், பேட்ஜ் தானா விழுந்துட்டா?”

“தானா விழுந்தாலும் அதே கதிதான். வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“கடை உரிமம்?”

“வீட்டுல இன்னொருத்தர் உறுப்பினரா இருந்தா போதும். ஆனா வேணும்னே கழட்டினா, கடையையும் சேர்த்துக் கழட்டிட வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டு விசில்காரர் விசிலை வாயில் வைத்தார்.

தையல்காரர் அன்று வீட்டுக்கு ஓட்டமாக வந்தார். மன்றத்தில்கூட அவர் அப்படி ஓடியதில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம், வேலை குறைந்த நேரத்தில், அவளுடைய வெள்ளைச் சட்டையை வெட்டும் மேசையில் விரித்தார்கள். குமாஸ்தாவின் தையல் குதிக்குத் தாங்கும், இழுத்தால்தான் வரும். அது போதாது. கூடத்தின் நடுவே, எல்லோர் கண் முன்னாலும், தானாக உதிர வேண்டும். அவர் பழைய தையலைப் பிரித்து, இருப்பதிலேயே நைந்த நூலை ஊசியில் கோர்த்தார்.

அவள் எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கடையின் காஜா வேலையெல்லாம் அவளுடையதுதான்.

“ரொம்ப லேசாத் தைங்க. ரெண்டு குதியில விழுந்துடணும்.”

“விழும், விழும். வேலை பாக்க விடு.”

“விழுந்ததும் நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? நேரா பாலத்துக்குப் போயிடுவேன். நீங்க குதிச்சு முடிச்சுட்டு வந்து சேருங்க.”

“பாத்திரக் கடையைத் தாண்டியிருக்க மாட்டே. நான் வந்து பிடிச்சுடுவேன்.”

அவள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தன்பாட்டுக்கு, நைந்த நூல்கூடக் கயிறாகிவிடும்படி நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போனது. கடைசித் தையல் வந்ததும் ஊசியைச் சுற்றி நூலை இருமுறை வளைத்து, இழுத்து, முடிச்சைத் துணிக்கு அடியில் புதைக்கிற வழக்கம் அவருக்கு. தொழிலுக்கு வந்த நாள் முதல் அப்படி முடிக்காமல் அவர் ஒரு தையலை விட்டதில்லை. துணி நைந்து போனாலும் அவர் வைத்த பொத்தான் நிற்கும் என்று ஊரில் பேச்சு. இப்போதும் கை அதையேதான் செய்தது. மூலைக்கு ஒன்றாக நாலு மூலையிலும் செய்தது. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, “இந்தா,” என்று சட்டையை நீட்டினார். அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

சாயந்திரம் கூடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். உறுதிமொழி, குதி. பேட்ஜ் அசையவில்லை. அவள் அவரைப் பார்த்து, ‘என்னங்க?’ என்று புருவத்தை உயர்த்தினாள். அவர் முகவாயைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் உயரமா என்று ஜாடை காட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதித்தாள். அப்போதும் விழவில்லை. நைந்த நூலாச்சே, இதோ விட்டுவிடும் என்று அவர் மறுபடி ஜாடை காட்டினார். அவள் மறுபடி குதித்தாள். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியவள் அவள்.

விசில்காரர் ஓடிவந்து அவளைச் சுட்டிக்காட்டினார். “எல்லாரும் இங்க பாருங்க! இதய நோயாளின்னு விலக்குக் கேட்டவங்க இவங்க! இப்போ எப்படிக் குதிக்கிறாங்க பாருங்க! இதுதான் மன்றம்!” கூடம் முழுவதும் கைதட்டியது. மேடையில் தலைவரும் தட்டினார், தட்டிய களைப்பில் இரைத்தார். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தையல்காரர் அதை அப்போதுதான் பார்த்தார். “போதும்! நில்லு!” என்று கத்தினார். கைதட்டலில் அது கேட்கவில்லை. அவள் விழுந்தாள்.

அவர் போய்ச் சேருவதற்குள் விசில்காரர் அவள் மேல் குனிந்திருந்தார். இரண்டு விரலால் பேட்ஜைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கையால் பிடித்து இழுத்தார். பேட்ஜோடு சட்டையும், சட்டையோடு அவள் தோளும் மேலே வந்து, மறுபடி தரையில் விழுந்தன.

“என்னய்யா இது, வரலையே! வரவே மாட்டேங்குதே!”

“டாக்டரைக் கூப்பிடுங்க சார்! உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்!”

“இருங்க, முதல்ல இதைக் கழட்டணும். உறுப்பினரை இந்த நிலைமையில எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது. கத்தரி! யாராவது கத்தரி கொண்டாங்கய்யா!”

கூடத்தில் கத்தரி இல்லை. கூரான பொருள் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது, உறுப்பினர்களின் பாதுகாப்புக்காக. சட்டையையே கழற்றலாம் என்று ஒருவர் சொன்னார். சீருடை இல்லாமல் கூடத்தில் இருப்பது ஒழுங்கீனம் என்று இன்னொருவர் தடுத்தார். சுற்றிலும் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். விசில் கீழே கிடந்தது, நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். கை மெல்ல நகர்ந்து பேட்ஜின் ஓரத்தைத் தடவியது, துணிக்கு அடியில் இருந்த முடிச்சைத் தொட்டது. காஜா எடுக்கிறவள், அது யார் கை முடிச்சு என்று அவளுக்குத் தெரியாதா? அவரைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் தச்சிருக்கீங்க,” என்றாள். பாத்திரக் கடை வாசலில் அவர் அலுத்துக்கொள்ளும்போது அவரைப் பார்க்கிற அதே பார்வை. அதோடு மூச்சு நின்றுவிட்டது.

தையல்காரர் அழுதார். வாய்விட்டு, வெட்கம் இல்லாமல் அழுதார். தன் கையைத் தானே அடித்துக்கொண்டு அழுதார்.

தலைவரை இறக்கி அழைத்துவந்தார்கள். அவர் கீழே பார்த்தார், பேட்ஜைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

“உறுப்பினர் ஒருத்தர் இறக்க முடியாது,” என்றார். “அதனால இவங்க இறக்கல. ஓய்வு எடுக்கிறாங்க. பேட்ஜ் இருக்கிறவரைக்கும் ஓய்வுதான். வீட்டுக்கு அனுப்ப முடியாது. நாளைக்கும் வருகை போடணும்.” பிறகு தையல்காரரின் தோளில் கை வைத்தார். “உங்க கடை பக்கத்துலதானே? ஒரு கத்தரி எடுத்துட்டு வந்து நீங்களே வெட்டிடுங்க. வெட்டினா இவங்க வெளியாள். அப்புறம் தாராளமா இறந்து போகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்றேன்.”

அவர் கடைக்குப் போய்ச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். அவளை அந்தத் தரையில் விட்டுவைக்க அவரால் முடியவில்லை. வேறு எதையும் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. நாலு முடிச்சையும் எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டினார். பேட்ஜ் கையோடு வந்தது. தலைவர் அதை வாங்கிக்கொண்டு மூச்சு விட்டார்.

“பாத்தீங்களா, யாரும் இறக்கல,” என்றார் கூடத்தைப் பார்த்து. கூடம் கைதட்டியது. “இவங்க கடைசிக் காலத்துக்குச் சேர்த்து வச்ச நேரம் இருக்கே,” என்று விசில்காரர் தலைவரின் காதோரம் கேட்டார். “அது உறுப்பினருக்குத்தானே? இவங்கதான் உறுப்பினர் இல்லையே. மன்றத்துக்கே சேரும்,” என்றார் தலைவர்.

அடக்கம் எல்லாம் முடிந்து, தையல்காரர் கடையைத் திறந்த அன்றே விசில்காரர் வந்தார். பின்னால் ஒரு வண்டி நிறைய வெள்ளைச் சட்டைகள். இரண்டு பேர் கைத்தாங்கலில் தலைவரும் இறங்கினார்.

“அந்தக் குமாஸ்தா பண்ணின அஜாக்கிரதை,” என்றார் தலைவர். “ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டோம். இனிமே தொழில் தெரிஞ்ச கை வேணும். எல்லாச் சட்டையையும் பிரிச்சு நீங்களே மறுபடி தச்சுக் குடுங்க. என் கோட்டையும் சேர்த்துத்தான். லேசா, ரொம்ப லேசா. ஊதினா விழணும்.”

“உங்க துக்கத்துல மன்றமும் பங்கெடுக்குதுங்கிறதுக்காகத்தான் இந்த வேலையை உங்களுக்கே குடுக்குறோம்,” என்றார் விசில்காரர்.

தையல்காரர் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியிலிருந்து கடைக்குள் வந்ததற்கே அவர் நெஞ்சுக்குள் அந்தக் கதவு திறந்து மூடியது.

“சரிங்கய்யா, தச்சுத் தர்றேன்,” என்றார்.

அவர் அவசரப்படவில்லை. நைந்த நூலைத் தூக்கிப் போட்டார். கோட்டுப் பொத்தானுக்குப் போடுகிற கெட்டி நூலை எடுத்து, மெழுகில் இழுத்து, ஊசியில் இரட்டையாகக் கோர்த்தார். ஒவ்வொரு சட்டையிலும் நாலு மூலையிலும் முடிச்சைப் போட்டுத் துணிக்கு அடியில் புதைத்தார். மேலே, பார்க்கிறவர் கண்ணுக்கு, ஓட்டுத் தையல் ஒன்றை அழகாக ஓட்டினார். இந்தத் தடவை கை என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே தைத்தார். தலைவரின் கோட்டைக் கடைசியாக எடுத்தார். அதற்கு மட்டும் மூலைக்கு இரண்டு முடிச்சு.

சட்டைகளைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார். சாயந்திரம். மன்றத்தில் விசில் ஊதிவிட்டார்கள், உறுதிமொழி தெருவரை கேட்டது. அவர் போகவில்லை. உரிமம் போகட்டும். எதிர்ப்பக்கம் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். செருப்புக் கடையில் நின்றார். பாத்திரக் கடையில் நின்று, ஒரு குடத்தின் விலை கேட்டார். கடைக்காரர் அவர் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, விலை சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மன்றத்தில் விசில் பாதியில் நின்றது. கனமான ஏதோ ஒன்று மேடையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கதவு படாரென்று திறந்து விசில்காரர் தெருவில் ஓடிவந்தார்.

“கத்தரி! யாராவது ஒரு கத்தரி குடுங்கய்யா! வர மாட்டேங்குது!”

கத்தரிக்கோல் தையல்காரரின் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அடுத்த கடைவரை நடந்துபோய், அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றார்.